வெள்ளை நாடா கட்டிய கொப்பு

என்னிடம் ஒரு கலண்டர் தாள் இருக்கிறது. 1969 ஜனவரி மாதத் தாள். அதன் பின்புறத்தில் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: “பொங்கலுக்கு முந்தின போயா. மழை விட்டிருந்தது. அடி பார்த்தோம். புதிசு. பிள்ளைதான் கண்டது.”

அவ்வளவுதான். இடத்தின் பெயர் இல்லை. வேட்டைக்காரர் இடத்தை எழுதிவைப்பதில்லை. அப்பாவின் றங்குப்பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய தாள்களை உதறியபோது இது கிடைத்தது. கையெழுத்து அவருடையதுதான், ‘ழ’வின் வாலைக் கீழே இழுத்து மடிப்பது அவர் பழக்கம்.

ஆறாம் வகுப்பில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நம்மில் பலர் கடல் தாண்டிவிட்டீர்கள். திருகோணமலையில் மிஞ்சியிருப்பவர்கள் கோயிலிலும் மருந்துக்கடையிலும் சந்தித்துக்கொள்கிறோம். உங்களுக்குத் தெரியாமலே நீங்கள் எல்லோரும் என் வழக்கில் சாட்சிகள். அப்பா வேலை செய்த கந்தோரில் பெரியவராக இருந்தவரின் மகளும் இதை வாசிப்பாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு: அவளுக்கு வாய் நிற்காது. அந்தப் பேச்சு பிறந்த நாளும் இடமும் எனக்குத் தெரியும். அது உண்மையல்ல என்பதும் தெரியும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த வருடங்களில் ஞாயிறு வேலைநாள். கிழமைக்கொருமுறை நிலாக் கணக்கில் வரும் பௌத்தர்களின் போயாவும் அதற்கு முந்தைய நாளும்தான் விடுமுறை. ஞாயிறு விடியப் பூசை கண்டுவிட்டு, வாயில் நற்கருணையின் ருசி போகுமுன் பள்ளிக்கூட மணிக்கு ஓடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்பா துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். அவருக்கு இரட்டைக்குழல் துவக்கு ஒன்றிருந்தது. போயாவில் துவக்கு வெடிப்பதில்லை என்று வைத்திருந்தார். சட்டமா, பக்கத்துக் கிராமங்களின் மனம் நோகக்கூடாது என்ற எண்ணமா, தெரியாது. ஆகவே சுடுவதற்கு லீவு போடவேண்டும். பார்ப்பதற்குப் போயா போதும்.

அவருடைய கூட்டாளி கிண்ணியாவைச் சேர்ந்த தோணிக்காரர். கிண்ணியாவில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அப்பா அவரைக் காக்கா என்றார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். உள்துறைமுகத்துக்கும் மூதூருக்கும் இடையில் அவருடைய தோணி சாமான் ஏற்றி ஓடியது. ஆண்டில் நாலைந்து தடவை அப்பாவையும் துவக்கையும் ஏற்றியது.

அவர்கள் தேடியது மரை, நம் காட்டின் பெரிய மான். வெள்ளைக்காரத் துரைமார் அதை எல்க் என்று எழுதினார்கள். அப்பாவும் பெரிய மனிதர்களோடு கதைக்கும்போது எல்க் என்பார். வீட்டுக் குசினியில் அது மரைதான். இதை நான் நியாயப்படுத்த எழுதவில்லை. இப்போது எனக்கு ஆட்டிறைச்சியே ஒத்துக்கொள்வதில்லை. அப்பாவிடம் துவக்குக்கு அனுமதிச்சீட்டு இருந்தது, அதைக் கண்டிருக்கிறேன். மரைக்குத் தனிச் சீட்டு இருந்ததா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அந்த மாரியில் அவர்களுக்கு ஒரு கவலை. கிளிவெட்டி வயல்களுக்கு அப்பால் வழக்கமாகப் போகும் காட்டில் மரம் தறிக்க லொறி ஓடத் தொடங்கிவிட்டது. மரைகள் விலகிவிட்டன. புது இடம் தேடவேண்டும்.

புது இடத்தைக் கோடையில் தேடமுடியாது. கோடையில் தரை ஓடுபோல இறுகிவிடும்; யானை நடந்தாலே அடையாளம் இராது. மாரியில்தான் சேறு கதை சொல்லும். ஆனால் மாரியில் எங்கும் தண்ணீர், எங்கும் புல், மிருகம் பரந்து திரியும், தோட்டா நமுத்துப்போகும். அதனால் ஒருவரும் வேட்டைக்குப் போவதில்லை. துவக்கை எண்ணெய் பூசி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, குடையோடு போய்ச் சேற்றில் பதிந்த அடி பார்ப்பார்கள். காட்டுக்குள் தானாகக் கிடக்கும் சிறு குளத்தை மோட்டை என்பார்கள். எந்த மோட்டை ஓகஸ்ட் மாதம்வரை தண்ணீர் வைத்திருக்கும் என்று மாரியிலேயே கண்டுபிடித்தால், கோடையில் மரை தானாக அங்கே வந்துசேரும்.

என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்பது எனக்கு இன்றும் முழுதாக விளங்கவில்லை. எனக்குக் கண் கூர்மை என்று அப்பா சொன்னார். அண்ணனுக்கு அட்டை என்றால் பயம். அம்மா குசினி வாசலில் நின்று மறித்தா.

“பொம்பிளப் பிள்ளையைக் காட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யப் போறியள்? மரைக்குக் கட்டிக் குடுக்கவோ?”

“மரை சீதனம் கேக்காதப்பா” என்றார் அப்பா.

அம்மாவுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. கடற்கரைப் பக்கத்து வாடகை வீடு அது. மாரியில் சுவரெல்லாம் வியர்க்கும்; கூரை ஒழுகும் இடங்களில் சட்டி வைப்போம். அம்மாவுக்கு முட்டு. இரவெல்லாம் கதிரையில் நிமிர்ந்திருந்து மூச்சு வாங்குவா. ஓர்ஸ் ஹில்லில் கந்தோர் கொடுக்கும் வீடு ஒன்றுக்காக அப்பா வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு முந்தைய அந்தப் போயாவில் காக்காவின் தோணியில் குடா கடந்தோம். கொட்டியாரக் குடா மாரியில் நல்லவிதமாக இராது. நான் முன்னால் அணியத்தில் இருந்தேன். அதுதான் என் இடம் என்று நான் ஏறும்போதே காக்கா சொல்லியிருந்தார். உப்புத்தண்ணீர் முகத்தில் அடிக்கும்போதெல்லாம் அவர் பின்னாலிருந்து, “மகள், கடல் முகம் கழுவிவிடுது, சோப்புக் கேளு” என்று கத்துவார். மூதூரிலிருந்து பஸ். பிறகு பச்சை வயல்களின் வரம்பால் நடை.

காட்டு வாசலில் ஒரு பாலைமரம். அங்கே இருவரும் நின்றார்கள். காட்டுக்குள் நுழையும் எவரும் ஒரு சின்னக் கொப்பை ஒடித்து, நுழைகிற இடத்து மரத்தின் கிளையில் தொங்கவிடவேண்டும். அது காட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவது. சொல்லாமல் போனால் யானை மறிக்கும், கரடி முகத்தில் பாயும், வழி தவறும். காக்கா பிஸ்மி சொல்லித் தொங்கவிட்டார். அப்பா சிலுவை போட்டுவிட்டுத் தொங்கவிட்டார். எனக்கும் ஒன்று ஒடித்துத் தந்தார்கள். அந்த மரத்தில் வேறு ஒரு கொப்பும் தொங்கவில்லை. அப்பாவும் காக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் வராத காடு.

“வேற ஆரும் எங்கட கொப்பை எடுத்தெறிஞ்சா?” என்று கேட்டேன்.

“ஆரும் தொடமாட்டாங்க” என்றார் காக்கா. “கள்ளனும் காட்டுக்குப் பயம் மகள். களவெடுக்கப் போறவனும் கொப்புத் தொங்கவிட்டுட்டுத்தான் போவான்.”

உள்ளே போனதும் அட்டை, சேறு, ஊறிய இலை மணம். அப்பாவுக்குச் சத்தமில்லாமல் நடக்க வராது.

“கிளாக்கர் நடக்கிற சத்தத்துக்கு மூதூர் மரையெல்லாம் பொலன்னறுவைக்கு இடம் மாத்தம் கேக்கும்” என்றார் காக்கா.

அவர்கள் இருவரும் நிலத்தைப் பார்த்து நடந்தார்கள். நான் சின்னவள், மேலே பார்த்து நடந்தேன். அதனால்தான் கண்டேன். ஒரு வீரைமரத்தின் பட்டை அப்பாவின் தலைக்கு மேல் உயரத்தில் உரிந்து, அதில் கறுப்புச் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. கொம்புள்ள கிடா சேற்றில் புரண்டுவிட்டு வந்து தேய்த்த இடம். “அப்பா, ஆர் அங்க சுவருக்குச் சாந்து பூசினது?” என்று கேட்டேன். இருவரும் நிமிர்ந்தார்கள். காக்கா வாயைத் திறந்தபடி நின்றார்.

அந்த மரத்தைத் தாண்டினால் மோட்டை. கரை முழுவதும் அடி, அகலமாக, இரண்டாகப் பிளந்து, தண்ணீர் நிரம்பி. மறுகரையில் ஒரு பெண் மரை வயிறளவு தண்ணீரில் நின்றது. காது இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின. அப்பா அறியாமலே குடையைத் தோளுக்கு உயர்த்திக் குறிபார்த்தார். காக்கா சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். மரை ஒரு கணைப்புக் கணைத்துவிட்டுப் போயிற்று. பெரிய மணியைக் கட்டையால் அடித்தது போன்ற சத்தம். அதை இன்றும் கேட்கிறேன் என்று எழுதமாட்டேன், கேட்கவில்லை. மறந்துபோயிற்று. அடித்தது போன்ற சத்தம் என்ற சொல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

ஆழம் பார்க்க அப்பா கந்தோரிலிருந்து கயிறு கட்டிய ஈயக்குண்டு கொண்டுவந்திருந்தார். எறிந்தார். சேற்றில் புதைந்துவிட்டது. பலங்கொண்டு இழுத்தார், குண்டு திடீரென்று விட்டுக்கொடுத்தது, அப்பா பின்பக்கமாகச் சேற்றில் இருந்தார்.

“எத்தினை பாகம் ஆழம் கிளாக்கர்?”

“சிரிக்காதேங்க காக்கா. கந்தோர்ச் சாமான். துலைஞ்சா என்ர தலையில எழுதுவாங்கள்.”

ஆழம் போதும். ஓகஸ்ட்வரை நிற்கும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது சருகுக்குள் என் கால் தட்டியது ஒரு கொம்பு. உதிர்ந்த மரைக்கொம்பு, என் கையளவு நீளம். நடுக்கிளையின் நுனியை முள்ளம்பன்றி கொறித்து, பல் அடையாளம் வரிவரியாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டேன். அப்பா விடவில்லை. “எங்க எடுத்தது எண்டு ஊர் கேக்கும் பிள்ளை. இஞ்சயே இருக்கட்டும். உன்ரதான்.” வீரைமரத்தின் கவட்டில் அதைச் செருகிவைத்தார்.

அப்போது நான் கேட்டேன். “நான் கண்ட இடம்தானே அப்பா. சுடப் போகேக்க முதல் நாள் நானும் வரவேணும்.”

அப்பா சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை. “கண்டவங்கதான் முதல் பரண்ல ஏறுறது. அதுதான் வழக்கம் கிளாக்கர். ஆம்புள பொம்புள எண்டு அதுல இல்ல.”

“சரி. முதல் நாள் நீயும் வாறாய். ஆனா இது எங்கட மூண்டு பேருக்குள்ள. அம்மாவுக்கும் மூச்சு விடக்கூடாது. பள்ளிக்கூடத்தில அறவே கூடாது. ஏலுமோ?”

“ஏலும்.”

சிலுவை போட்டுச் சத்தியம் செய்தேன். காக்கா வலக்கையை நெஞ்சில் வைத்தார். அப்பா தலையாட்டினார். அவர் தலையாட்டியது மட்டும்தான் என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

நான் சொல்லவில்லை. இதுதான் நான் உங்களிடம் கேட்கும் சாட்சியம். இடைவேளையில் மதில் நிழலில் இருந்து மாங்காய் தின்றோமே, அப்போது என்னென்னவெல்லாம் கதைத்தோம். மோட்டையைப் பற்றி ஒரு சொல் கேட்டிருக்கிறீர்களா? போன வருடம் உங்களில் தொலைபேசியில் கிடைத்த எல்லோரிடமும் கேட்டேன். எவருக்கும் நினைவில்லை. நினைவில்லை என்பது சொல்லவில்லை என்பதாகாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவைத்தேன்.

பங்குனியில் ஓர்ஸ் ஹில் வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒழுகாத கூரை, முற்றத்தில் நின்றால் உள்துறைமுகம் கண்ணாடிபோலத் தெரியும். அம்மா முதல் தடவையாகப் படுத்து உறங்கினா. அப்பாவைக் கந்தோர்ப் பெரியவர் மிகவும் மதிக்கிறார் என்று அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொன்னா. பெரியவர் வேட்டைப் பிரியர். அவரிடம் ஜீப் ஒன்று இருந்தது. இதையெல்லாம் நான் அப்போது தனித்தனியாகத்தான் அறிந்திருந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒரு வேலைநாள். அப்பா துவக்கைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

“எங்கயப்பா?”

“துவக்கின்ர கட்டை வெடிச்சுப்போச்சு. மட்டக்களப்பில ஒருத்தர் ஒட்டித் தருவார்.”

மறுநாள் பின்னேரம் வந்தார். முதல் நாளுக்குத் துவக்குச் சரியாக இருக்கவேண்டுமே என்ற கவலை எனக்கு. “சரியாச் செய்து தந்தவரோ?” என்று கேட்டேன்.

“ஓம் பிள்ளை. நல்லாச் செய்து தந்திட்டார்.”

ஜூலை முழுவதும் நான் நச்சரித்தேன். “தண்ணி இன்னும் வத்தேல்லை” என்றார். காக்காவும் வந்து கேட்டார். கடைசியில், ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு போயாவில், துவக்கில்லாமல் மூவரும் தண்ணீர் பார்க்கப் போனோம். அடுத்த கிழமை அப்பா லீவு போடுவதாகப் பேச்சு. நான் பரணில் உடுக்கவென்று அண்ணனின் பழைய காற்சட்டையைச் சுருக்கித் தைத்துவைத்திருந்தேன்.

பாலைமரத்தை முதலில் கண்டது நான்தான்.

கிளையெல்லாம் கொப்பு. நாங்கள் மாரியில் தொங்கவிட்ட மூன்றும் குச்சியாகக் காய்ந்திருந்தன. அவற்றைச் சுற்றி ஒரு குடும்பமே வந்து போனதுபோல வேறு கொப்புகள். சில முழுதாகக் காய்ந்தவை, சில வாடியவை, சிலவற்றில் இலை இன்னும் பச்சை. ஒன்று மட்டும் வெள்ளை நாடாவால் கட்டப்பட்டிருந்தது. கவட்டில் கொழுவத் தெரியாத எவரோ கிளையோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்.

“காக்கா, இது ஏன் கட்டியிருக்கு?” என்று கையை நீட்டிக் காட்டினேன்.

அவர் கிட்டப்போய், நாடாவைப் பிடித்து, கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். நாடாவை விட்டார். நடந்தார்.

மோட்டை கலங்கிக் கிடந்தது. கரையில் பரண் ஒன்றல்ல. தோட்டாக் கோதுகள், சிகரெட் ரின்கள், சோடாப் போத்தல்கள். நிலம் கறுத்து ஈ மொய்த்த இடங்கள். எலும்பு. குட்டியின் குளம்பு ஒன்று, என் உள்ளங்கைக்குள் அடங்கக்கூடியது. வீரைமரக் கவட்டில் என் கொம்பு இல்லை.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அது நடிப்பல்ல. இன்றும் சத்தியம் செய்வேன். அந்த முகத்தைக் கண்டதால்தான் பின்னால் நான் வெகுகாலம் குழம்பினேன். ஒரு மனிதருக்கு ஒரு நாள் காட்டினால் அவர் ஒரு நாள்தான் வருவார் என்று அப்பா நினைத்திருக்கவேண்டும். ஒரு இடத்தைக் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கவேண்டும்.

காக்கா ஒரு எலும்பைக் காலால் புரட்டினார். “கிளாக்கர், ஆர்ட்ட சொன்னீங்க?”

“நான் ஏன் சொல்றன்? உங்கட ஆக்கள் எத்தினை பேர் விறகுக்கு வாறவங்கள்.”

“விறகுக்கு வாறவன் சோடா குடிக்கிறல்ல. அந்த நாடா உங்கட கந்தோர் நாடாதானே? பைல் கட்டுற நாடா. உங்கட வீட்டுல நுளம்புவலையும் அதாலதான் கட்டி இரிக்கி. நான் கண்டிருக்கன்.”

காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் குரங்குகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தினூடே அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

“இவள்தான்” என்றார். “பெரியவற்ற மகளோட ஒரே வாங்கில இருக்கிறாள். வகுப்பில பாதிப் பேற்ற தேப்பன்மார் எங்கட கந்தோர். வாய் நிக்காமச் சொல்லியிருப்பாள். வேற எப்பிடிப் போகும்?”

காக்கா என்னிடம் வந்து குந்தியிருந்தார். “சொன்னியா மகள்?”

“இல்ல காக்கா. சத்தியமா இல்ல.”

“பயத்தில இல்லையெண்டுதான் சொல்லுவாள்” என்றார் அப்பா.

காக்கா எழுந்தார். சால்வையை உதறித் தோளில் போட்டார். “சரி. பிள்ளதானே. விடுங்க கிளாக்கர்.”

அந்தச் சொல்லை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ‘பிள்ளைதானே சொல்லிவிட்டாள், மன்னித்துவிடுங்கள்’ என்றும் அதற்குப் பொருள். ‘பிள்ளையின் தலையில் போடாதீர்கள், எனக்குத் தெரியும்’ என்றும் பொருள். அவர் குரல் எப்படி இருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதுவும் மறந்துவிட்டது.

திரும்பும்போது நான் அணியத்தில் ஏறப்போனேன். “நடுவுல இரி மகள்” என்றார் காக்கா. கடல் அன்று தட்டையாகக் கிடந்தது.

வீட்டில் அப்பா அதைப் பகிடியாக்கினார். ஒன்றுக்கும் உதவாத பெரிய ரகசியத்தைப் பள்ளிக்கூடத்தில் பறைதட்டியவள் என்று. அம்மா சிரித்தா. அண்ணன் சிரித்தான். பிறகு அது பகிடியாக இருக்கவில்லை. நான் அறைக்குள் வந்தால் கதை நிற்கும். எனக்குப் பேசிய இரண்டு சம்பந்தங்கள் முறிந்ததை ஆறு மாதம் கழித்துத்தான் அறிந்தேன். அண்ணன் நாட்டைவிட்டுப் போனபோது எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. காலையில் தேத்தண்ணி கொண்டுபோனேன், கட்டிலில் ஆளில்லை. “உனக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி” என்றா அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அண்ணனை நான் பிறகு காணவில்லை.

அந்த வருட டிசம்பரில், நத்தாருக்கு, பெரியவர் வீட்டுக்குக் கேக் கொண்டு அப்பாவோடு போனேன். முன்விறாந்தைச் சுவரில், கதவுக்கு மேல், வார்னிஷ் அடித்த மரைக்கொம்பு. நடுக்கிளை நுனியில் முள்ளம்பன்றியின் பல் வரிகள். வார்னிஷ் அவற்றை இன்னும் தெளிவாகக் காட்டியது.

“வாரும், வாரும்” என்றார் பெரியவர். “பாத்தீரே, உம்மட கொம்பு எவ்வளவு வடிவா இருக்குது?” பிறகு என் பக்கம் குனிந்தார், அன்பாகத்தான். “தங்கச்சி, உங்கட அப்பா இதைக் காட்டுக்க ஒரு மரக்கவட்டில ஒளிச்சு வச்சிருந்தவர். என்னைக் கூட்டிக்கொண்டு போன அண்டைக்கு, எனக்கெண்டு எடுத்துத் தந்தவர்.”

அப்பா அந்தக் கொம்புக்கு நேர் கீழே கதிரையில் இருந்தார். கேக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரின் மகள் என்னை உள்ளே விளையாடக் கூப்பிட்டாள். போனேன். என்ன விளையாடினோம் என்று அவளுக்கு நினைவிருக்கலாம்.

இறக்கத்தில் நடந்து வரும்போது அப்பாதான் முதலில் பேசினார். “அம்மாவுக்கு அந்த வீட்டில மூச்சு விட ஏலாமக் கிடந்தது. உனக்குத் தெரியும்தானே.”

நான் இரண்டடி முன்னால் நடந்தேன்.

“காக்காவுக்குச் சொல்லாத.”

வாய் நிற்காதவள் என்று அவர் பேர் வைத்த பிள்ளையிடம்தான் அவர் அதை ஒப்படைத்தார். நான் காக்காவுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை. அப்பாவின் செத்தவீட்டில் மாமி ஒருத்தி என் மரைக் கதையை எடுத்து எல்லோரையும் சிரிக்கவைத்தபோதும் சொல்லவில்லை. அம்மா படுத்து உறங்கிய அந்த இரவுகளை நான் விலை பேசமாட்டேன். கேட்டிருந்தால் நானே மோட்டையைக் கொடுத்திருப்பேன். முதல் நாளையும் கொடுத்திருப்பேன். என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்தார்கள், கொடுத்தது நான் என்றார்கள்.

இனி எனக்கு மிச்சமிருப்பது காக்கா. அந்த ஓகஸ்ட்டுக்குப் பிறகு அவர் அப்பாவோடு காட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வருவார். நண்டு கொண்டுவருவார். என்னை மகள் என்றுதான் கூப்பிடுவார். வேட்டைப் பேச்சு வந்தால் எழும்பிவிடுவார். “காக்காவுக்குக் கண் மங்கிப்போச்சு, இனிக் காட்டுக்கு ஏலாது” என்பது அப்பா சொன்ன காரணம். அப்பா சொன்ன காரணங்களை நான் சோதித்துப் பார்க்கும் வயதுக்கு வந்தபோது காக்கா உயிரோடு இல்லை.

போன வருடம், நான் இப்போது இருக்கும் அன்புவழிபுரத்திலிருந்து பஸ் ஏறி, பாலம் கடந்து கிண்ணியா போனேன். அவருடைய மகன் வலைக்கடை வைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

“டீச்சர், வாப்பா உங்களப் பத்திச் சொல்லுவாரு. கிளாக்கர்ட மகளுக்கு என்ன கண்ணு தெரியுமாடா, மரத்துக்கு மேல அடி பாத்த பிள்ள எண்டு.”

“எப்ப சொன்னவர் தம்பி? எந்த வருஷம்?”

“அது… நான் சின்னப் பொடியன். எப்பயும் சொல்றதுதான்.”

“அவருக்குக் கண் மங்கினது எப்ப?”

அவர் யோசித்தார். உள்ளே திரும்பி மனைவியையும் கேட்டார். “கண்ணுல பூ விழுந்தது பெரிய சூறாவளிக்குப் பிந்தி. அது நிச்சயம். எனக்குச் சுன்னத்து வச்ச நேரம் என்ட முகம் சரியாத் தெரியல்ல எண்டு அழுதாரு. அப்ப அதுக்கு முந்தி.”

“சுன்னத்து எந்த வருஷம்?”

“எழுபதா இரிக்கும். அறுபத்தெட்டாவும் இரிக்கலாம். என்ட பிறப்புப் பத்திரமே பிந்திப் பதிஞ்சது டீச்சர்.” சிரித்தார். “ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல என்ன இரிக்கி?”

தேத்தண்ணி வந்தது. குடித்தேன். அவரிடம் நான் விளக்கவில்லை.

1969 ஓகஸ்ட்டுக்கு முன்பே கண் மங்கியிருந்தால், அவர் காட்டை விட்டதற்குக் காரணம் கண்தான். நாடாவை அவ்வளவு கிட்ட வைத்துப் பார்த்ததற்கும், அந்த மாரியில் கண் கூரான பிள்ளை ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டதற்கும் அதுவே விளக்கம். அப்படியானால் அவர் அப்பாவை நம்பி, நான்தான் சொன்னேன் என்று எண்ணியே இறந்திருக்கலாம். அதற்குப் பிறகுதான் மங்கியது என்றால், நன்றாகத் தெரிந்த கண்ணோடு அவர் அப்பாவை விட்டு விலகியிருக்கிறார், என்னை நம்பியிருக்கிறார்.

பெரிய சூறாவளி 1964 டிசம்பர்; அதில் சந்தேகமில்லை. சுன்னத்து 1968 அல்லது 1970. மகனின் வாய்ச்சொல் மட்டும். காக்காவின் கண் மங்கிய ஆண்டு இந்த இரண்டுக்கும் இடையில். அந்த ஓகஸ்ட்டுக்கு முன்பா பின்பா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.